பார்வைக்கும் ஓர் உளூ

ஷஅபான் மாதம் 29ஆம் நாள் மாலை, பள்ளிவாசலின் மாடியில் பிறை பார்க்கக் கூடும் கூட்டத்தை நம்மில் அறியாதார் இலர். கதிரவன் மறைந்த பின்னர் முதற்பிறை மேற்கு அடிவானில் தங்கும் நேரம் மிகச் சிறிது. மேகத் துண்டொன்று குறுக்கிடுமாயின் அச்சிறிதும் இல்லை. அக்கூட்டத்தில் இருவகை மனிதர்களைக் காணலாம். ஒரு சாரார் வானம் முழுவதையும் கண்களால் துழாவுவர். ஒருவர் சுட்டிய திசைக்கும் மற்றொருவர் சுட்டிய திசைக்கும் மாறி மாறித் திரும்புவர். மற்றொரு சாரார் அஸர் தொழுத கையோடு வந்து அமர்ந்துவிட்ட முதியவர்கள். கதிரவன் எந்தத் தென்னைக்கு நேரே இறங்கிற்று என்பதை அவர்கள் குறித்து வைத்திருப்பர். சென்ற மாதத்துப் பிறை எப்பக்கம் சாய்ந்து நின்றது என்பதும் அவர்கள் நினைவில் இருக்கும். இறுதியில் "அதோ!" என்று முதல் விரல் நீளுவது, பெரும்பாலும், மூக்குக் கண்ணாடி அணிந்த ஒரு முதியவரிடமிருந்துதான். கண்ணின் கூர்மை இளைஞர்களிடம் இருந்தது. பிறையோ அவருக்குத் தெரிந்தது.

கண நேரத்தில் தோன்றி மறைவதைக் காணும் பேறு யாருக்கு வாய்க்கிறது? விரைவு உள்ளவனுக்கா, ஆயத்தம் உள்ளவனுக்கா? ஆயத்தம் உள்ளவனுக்கே என்று விடை கூறிவிட்டால், அதனினும் கடினமான வினா ஒன்று பின்னால் வந்து நிற்கிறது. ஆயத்தமும் கூர்ந்த கவனமும் மட்டுமே ஒருவனை நல்லவனாக்கி விடுமா?

இவ்வினாக்களை என் முன் கொண்டுவந்து வைத்தவர், முன்னாளில் என்னிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர். இன்று அவருக்கு வயது முப்பதை நெருங்குகிறது. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்க்கிறார். இரவு வேலை முடிந்ததும் அறைக்குச் சென்று உறங்காமல், காமிராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போய்விடுவார். பறவைகளைப் படம் எடுப்பது அவருடைய விருப்பம். சில நாட்கள் அவருடன் நானும் சென்று அமர்ந்ததன் பயனே இக்கட்டுரை.

அவ்வூர்ப் பக்கத்தை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். வண்டலூரிலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையும், சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையும் ஒன்றையொன்று வெட்டும் சந்தியே ஒரகடம். வைணவப் பெரியார் இராமாநுசர் பிறந்த ஊராகிய ஸ்ரீபெரும்புதூர் முதல் இச்சந்தி வரையிலும், அதற்கு அப்பாலும், ஒரு காலத்தில் ஏரிப் பாசன வயல்களே மிகுதி. 1998இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கார்கள் வெளிவரத் தொடங்கின. 2010இல் ஒரகடத்திலும் பெரிய கார் ஆலை திறக்கப்பட்டது. இன்று சிப்காட் வளாகங்களின் மதில்கள் கண்ணுக்கெட்டிய தூரம் நீள்கின்றன. ஆயினும் ஏரிகள் முற்றிலும் மறைந்துவிடவில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பினால் நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் வந்திறங்குகின்றன. சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரி இத்தொழிற்பகுதிக்கு அண்மையிலேயே இருக்கிறது. 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடைய பேரேரி அது. அதன் கரையில் நின்றால் ஒரு பக்கம் நீர்ப்பறவைகளின் வரிசை, மறுபக்கம் வெகு தொலைவில் லாரிகளின் வரிசை.

நிலையாமையை இங்கே ஏரிக்கரையில் மட்டும் கற்கவேண்டும் என்பதில்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கப்பெற்று, ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கும் பெண்களுக்கும் வேலை தந்த நோக்கியா கைபேசித் தொழிற்சாலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. எட்டாண்டு வாழ்வு! காங்கிரீட்டும் இரும்பும் கொண்டு எழுப்பியவையும் கணங்களே. சற்று நீண்ட கணங்கள், அவ்வளவுதான்.

"ஹஜ்ரத், எங்கள் வேலையில் ஒரு நிமிடம் கை தாமதித்தால் வரிசை முழுவதும் நின்றுவிடும். இங்கே ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்காமல் இருப்பதுதான் வேலை" என்றார் அம்மாணவர், முதல் நாளன்று. நான் அதைச் சிரித்துக்கொண்டே கேட்டேன். அதன் பொருள் பின்னரே விளங்கிற்று.

மதரஸாவில் ஓதிய ஒருவன் புகைப்படத்தைப் பற்றி எழுதலாமா என்று சில அன்பர்கள் புருவம் உயர்த்தக்கூடும். உருவம் வரைதல் பற்றிய எச்சரிக்கைகளை நாம் அறிவோம். புகைப்படம் அவ்விலக்கில் அடங்குமா என்பதில் உலமாக்கள் கருத்து வேறுபட்டதையும் அறிவோம். எகிப்தின் முப்தியாக விளங்கி 1935இல் மறைந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ (ரஹ்) இதைப் பற்றித் தனி நூலே எழுதினார். புகைப்படக் கலைஞன் எதையும் படைக்க முயல்வதில்லை. அல்லாஹ் படைத்ததன் நிழலையே பிடித்து நிறுத்துகிறான் என்பது அவர் வாதத்தின் சாரம். அதனை ஏற்காத பேரறிஞர்களும் உளர். அம்மஸ்அலாவைத் தீர்ப்பது இங்கு என் நோக்கமன்று. நிழலைப் பிடிக்கப் போகிறவன் எத்தகைய உள்ளத்துடன் போகவேண்டும் என்பது வேறு வினா. ஆகும் என்போரும் ஆகாது என்போரும் ஒருசேரச் சிந்திக்க வேண்டிய வினா அது.

ஏனெனில், பார்க்கும்படி நாம் ஏவப்பட்டவர்கள். தலைக்கு மேல் சிறகை விரித்தும் மடக்கியும் செல்லும் பறவைகளை மக்கள் நோக்கவில்லையா என்று ஸூரத்துல் முல்க் வினவுகிறது. ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டது என்பதை நோக்குமாறு ஸூரத்துல் காஷியா அழைக்கிறது. அந்த வசனங்களை எத்தனையோ ஆண்டுகளாக ஓதியும் ஓதிக்கொடுத்தும் வந்திருக்கிறேன். ஆனால் ஒரு பறவை சிறகை மடக்கும் அந்தக் கணத்தைப் பார்த்திருக்கிறேனா என்று என்னையே கேட்டுக்கொண்டபோது, ஏரிக்கரையில் எனக்கு நாணம் உண்டாயிற்று.

பார்வையைப் பற்றி ஆழ ஆராய்ந்த நம் முன்னோருள் தலையானவர் பஸராவில் பிறந்து, கெய்ரோவில் வாழ்ந்து, ஏறத்தாழ 1040இல் மறைந்த இப்னுல் ஹைதம். கண்ணிலிருந்து ஒரு கதிர் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுகிறது என்று பண்டை அறிஞர் பலர் கருதினர். பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று அவர் தம் 'கிதாபுல் மனாழிர்' என்னும் பெருநூலில் நிலைநாட்டினார். இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி புகும் விதத்தையும் அவர் ஆராய்ந்தார். இன்றைய காமிரா அவ்விருட்டறையின் வழித்தோன்றலே. இதில் ஓர் ஒழுக்கப் பாடமும் அடங்கியிருக்கிறது. கண் பாய்ந்து சென்று பற்றும் கையன்று. அது திறந்து வைத்த வாசல். பார்ப்பவன் எடுப்பவனல்லன், பெறுபவன். ஆயினும் நம் பேச்சு வழக்கு 'படம் எடுத்தேன்' என்கிறது. 'படம் பெற்றேன்' என்று எவரும் சொல்வதில்லை.

அந்நூலிலேயே அவர் காட்சியை இருவகையாகப் பிரிக்கிறார். கண் பட்ட மாத்திரத்தில் கிட்டும் காட்சி ஒன்று. அதனைப் 'பதீஹா' என்ற சொல்லால் குறிக்கிறார். நின்று, பகுதி பகுதியாக நோக்கி அறியும் காட்சி மற்றொன்று, அது 'தஅம்முல்'. முன்பு ஆழ்ந்து நோக்கி, அதன் வடிவத்தை உள்ளத்தில் இருத்திக்கொண்டவனுக்கே, பின்னர் ஒரு நொடிப் பார்வையில் அப்பொருளை இனங்காண இயலும் என்பது அவர் விளக்கம். பிறை பார்த்த முதியவரின் இரகசியம் இதுவே. அந்த ஒரு நொடிக்குப் பின்னால் நாற்பது ஆண்டுப் பிறைகள் இருந்தன.

ஏரிக்கரையில் என் மாணவர் செய்ததும் இதுதான். முதல் வாரங்களில் அவர் காமிராவைப் பையிலிருந்து வெளியே எடுக்கவேயில்லை. கதிரவன் எத்திசையில் எழுகிறான், எந்நேரத்தில் ஒளி நீர்மேல் சாய்கிறது, கருப்பு வெள்ளை மீன்கொத்தி எந்தப் பட்டமரத்துக்கு மீண்டும் மீண்டும் வருகிறது என்பவற்றையே குறித்துக்கொண்டிருந்தார். அம்மீன்கொத்தி நீருக்கு மேலே ஓரிடத்தில் சிறகடித்து நின்று, பிறகு தலைகீழாகப் பாயும். பாய்ச்சல் தொடங்கிய பிறகு காமிராவைத் தூக்குபவனுக்கு நீரின் சிதறலே எஞ்சும். அந்தரத்தில் அது நிற்கும்போதே ஷட்டரின் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கோ அதனினும் குறைவாகவோ முன்கூட்டி வைக்கப்பட்டிருக்க வேண்டும். தூரம் கணிக்கப்பட்டிருக்க வேண்டும். வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கை நடுங்காதிருக்க வேண்டும். இத்தனையும் பறவை வருமுன் முடிந்திருக்க வேண்டிய காரியங்கள்.

இதைக் கேட்டபோது எனக்கு உளூவே நினைவுக்கு வந்தது. இகாமத் சொல்லப்பட்ட பின்பு தண்ணீர் தேடி ஓடுபவன் முதல் ரக்அத்தை இழக்கிறான். முன்னரே உளூச் செய்து, ஸப்பில் அமர்ந்து காத்திருப்பவனோ, தொழுகையை எதிர்பார்த்திருக்கும் நேரமெல்லாம் தொழுகையிலேயே இருப்பவனாகிறான் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை நமக்கு அறிவிக்கிறது. காத்திருப்பு வீண்போகும் நேரமன்று. அதுவும் வணக்கத்தின் பகுதி. அன்று ஒன்றுமே நடக்காவிட்டாலும் அமர்ந்திருந்தவனுக்கு நஷ்டமில்லை.

தமிழ்நாட்டில் இவ்வாறு காத்திருந்து பார்த்தவர்களுள் முதலில் எண்ணத்தக்கவர் மா. கிருஷ்ணன். தமிழின் முன்னோடி நாவலாசிரியர்களுள் ஒருவரான அ. மாதவையாவின் மகன், 1912இல் பிறந்து 1996இல் மறைந்தவர். 1950 முதல் தம் இறுதிக்காலம் வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதி வந்தார். காட்டு விலங்குகளைக் கருப்பு வெள்ளையிலேயே படம் பிடித்தார். பல இடங்களிலிருந்து சேர்த்த பாகங்களைக் கொண்டு தாமே இணைத்த கனத்த காமிராவே அவர் கருவி. அக்காலத்துச் சிறு பிலிம் சுருளொன்றில் 36 படங்கள் எடுக்கலாம். ஒவ்வொரு அழுத்தலுக்கும் விலை உண்டு. ஆகவே ஒவ்வொரு அழுத்தலுக்கு முன்னும் சிந்தனை உண்டு. இன்று ஒரு நொடியில் 20 படங்களைச் சுடும் காமிராக்கள் வந்துவிட்டன. கருவியின் விரைவு கூடுவதில் குற்றமில்லை. பார்ப்பவனின் பொறுமையை அது தின்றுவிடுமாயின், அவன் எண்ணற்ற படங்களைக் கொண்டு சென்று, ஒரு பறவையையும் காணாதவனாக வீடு திரும்புவான்.

இதுவரை கூறியது வினாவின் முதற் பாதிக்கு விடை. ஆயத்தமே கணத்தின் திறவுகோல். இனி இரண்டாம் பாதிக்கு வருவோம்.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் 'இஹ்யா உலூமித்தீன்' நூலில் முராகபாவுக்கென ஒரு பகுதியை ஒதுக்கியிருக்கிறார்கள். உள்ளத்தை இடைவிடாது கண்காணித்தல் என்பது அதன் பொருள். அங்கே ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஷிப்லி (ரஹ்) அவர்கள் அபுல் ஹுஸைன் நூரி (ரஹ்) அவர்களைக் காணச் சென்றபோது, நூரி அவர்கள் உடலில் ஓர் அசைவும் இன்றி அமர்ந்திருந்தார்களாம். இந்த அமைதியை எங்கே கற்றீர்கள் என்று வினவியதற்கு, எங்கள் வீட்டுப் பூனையிடம் என்று விடை வந்ததாம். எலி வளையின் வாயிலில் ஒரு மயிரும் அசையாமல் காத்திருக்கும் பூனையே இறைநேசருக்கு ஆசானாயிற்று! நம் திருவள்ளுவரும் 'காலமறிதல்' என்ற அதிகாரத்தின் முடிவில் கொக்கையே உவமையாக நிறுத்துகிறார்: ஒடுங்க வேண்டிய நேரத்தில் ஒடுங்கி நிற்கவும், வாய்த்தபோது பிழையாமல் கொத்தவும் அதனிடம் கற்கவேண்டும் என்பது அவர் கருத்து.

இவ்விரு உவமைகளும் என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தன. பூனையின் கவனத்தில் குறையொன்றுமில்லை. கொக்கின் பொறுமையிலும் குறையில்லை. ஆனால் எலிக்கும் மீனுக்கும் அக்கவனம் மரணம். அதே அசைவின்மை நூரி (ரஹ்) அவர்களிடம் வணக்கமாக மாறிற்று. வேற்றுமை எங்கே? அமைதியில் இல்லை, ஆயத்தத்தில் இல்லை, நிய்யத்தில் இருக்கிறது. கவனம் தானே ஓர் அறம் என்று இக்காலத்தில் பலர் பேசுகின்றனர். இந்தக் கணத்தில் வாழ் என்பது அவர்கள் உபதேசம். கன்னம் வைக்கும் கள்வனும் அந்தக் கணத்தில்தான் வாழ்கிறான். அவனளவு கூர்ந்த செவி யாருக்குண்டு? எதற்காகக் கவனிக்கிறோம் என்பதைக் கேட்காத கவனம், கூராக்கிய கத்தி போன்றது. அது யார் கையில் இருக்கிறது என்பதே கேள்வி.

இதை எனக்கு உணர்த்தியது சென்ற கோடையில் நிகழ்ந்த ஒரு சிறு சம்பவம். அதில் தவறியவன் நான்.

ஏரியை அடுத்து, எல்லைக்கல் நட்டு இன்னும் கட்டடம் எழாத ஒரு காலி நிலம். அங்கே சரளைக் கற்களுக்கு நடுவே ஆள்காட்டிக் குருவியொன்று நான்கு முட்டை இட்டிருந்தது. இப்பறவை கூடு கட்டுவதில்லை; வெட்டவெளித் தரையில் ஒரு சிறு குழியே அதன் தொட்டில். கல்லோடு கல்லாகத் தோன்றும் முட்டைகளின் நிறமே அவற்றுக்குக் காவல். கடுங்கோடையில் தாய்ப்பறவைக்குப் பெரும் வேலை முட்டைகளைச் சூடாக்குவதன்று, சூட்டிலிருந்து காப்பது. நீருக்குப் பறந்து சென்று, வயிற்றுச் சிறகுகளை நனைத்துக்கொண்டு திரும்பி, அந்த ஈரத்தோடு முட்டைகளின் மேல் அமரும். ஈரச் சிறகு முட்டையைத் தொடும் அந்தக் கணத்தைப் படமாக்க வேண்டும் என்று என் மாணவர் பல நாட்களாக ஆயத்தம் செய்திருந்தார். அன்று அவருக்கு வார விடுமுறை. என்னையும் அழைத்துச் சென்றார்.

நாங்கள் ஒரு வேலிக்காத்தான் புதரின் மறைவில் அமர்ந்தோம். காலை பத்து மணியைத் தாண்டியதும் தரை கொதிக்கத் தொடங்கிற்று. பறவை எழுந்து ஏரிப்பக்கம் பறந்தது, சற்றுநேரத்தில் திரும்பியது. ஆனால் முட்டைகளிடம் வரவில்லை. வானில் வட்டமிட்டுக் கத்திற்று. எட்டத்தில் இறங்கி நடந்தது. மீண்டும் எழுந்து கத்திற்று. எங்கள் மறைவு அதற்கு மறைவாகத் தோன்றவில்லை போலும். எனக்கோ ஆவல் பொங்கியது. அத்தாயன்பைக் கண்ணால் கண்டால் அது ஒரு தஃப்ஸீருக்கு ஒப்பாகும் என்றெல்லாம் உள்ளம் பேசிற்று. "தம்பி, இன்னும் நான்கடி முன்னே போய் அந்த மேட்டின் பின்னால் படுத்துக்கொள்ளுங்கள், எப்படியும் அது முட்டைக்கு வந்துதானே ஆகவேண்டும்" என்று நான் சொன்னேன்.

அவர் முட்டைகளைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். பிறகு காமிராவின் முக்காலியை மடக்கத் தொடங்கினார்.

"வந்துதான் ஆகவேண்டும், ஹஜ்ரத். அதனால்தான் நாம் போய்விட வேண்டும்" என்றார்.

நாங்கள் சாலைவரை நடந்து திரும்பிப் பார்த்தபோது, வட்டமிடுதல் நின்றிருந்தது. பறவை அமர்ந்துவிட்டதா என்பது அத்தொலைவில் தெரியவில்லை. படம் கிடைக்கவில்லை. வெகுநேரம் நான் பேசவில்லை. ஒரு தாயின் தவிப்பையே தூண்டிலாக்கி, அத்தாயின் அன்பைக் காண நான் விரும்பியிருக்கிறேன்! என் நாவில் தஃப்ஸீர் இருந்தது; என் நிய்யத்தில் பூனை இருந்தது. எந்த மாணவருக்கு நான் நிய்யத்தின் பாடத்தை ஓதிக்கொடுத்தேனோ, அவர் அதை எனக்கு ஓதிக்காட்டாமல் செய்து காட்டிவிட்டார்.

அன்று வீடு திரும்பியதும் என் எண்ணம் உமறுப் புலவரின் சீறாப் புராணத்துக்குச் சென்றது. மானுக்காக நாயகம் (ஸல்) அவர்கள் பிணை நின்ற படலம் நம் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பெற்று வந்த ஒன்று. வேடனின் வலையில் சிக்கிய பெண்மான், பசித்திருக்கும் தன் கன்றுக்குப் பாலூட்டி வர விடை கேட்கிறது. மான் திரும்பி வரும்வரை நாயகம் (ஸல்) தாமே அதற்குப் பிணையாக நிற்கிறார்கள். அப்படலத்தில் மானை இருவர் பார்க்கின்றனர். வேடன் பார்ப்பது இரையை; நாயகம் (ஸல்) பார்ப்பது தாயை. குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த பறவையைக் கண்டு, அதனை வருத்தியவர் யார் என வினவி, குஞ்சுகளைத் திருப்பித் தருமாறு அவர்கள் பணித்த செய்தியும் ஹதீஸ் நூல்களில் உண்டு. ஒவ்வொரு காமிராவும் இவ்விரண்டில் ஒரு பார்வையைத் தேர்ந்தெடுத்தே தீரவேண்டும். கூட்டை மறைக்கும் கிளையை வெட்டிவிட்டுப் படம் எடுப்போர் உண்டு. துணைப்பறவையின் குரலை ஒலிப்பதிவிலிருந்து எழுப்பி, ஏமாற்றி வரவழைப்போர் உண்டு. துப்பாக்கி இல்லையே தவிர, அவர்கள் வேடரே. பிணை நிற்பவனோ, தனக்குரியதை இழக்கவும் சித்தமாக நிற்பவன்.

வேடன் பார்வையிலிருந்து பிணை நிற்பவன் பார்வைக்கு ஒருவர் மாற இயலும் என்பதற்கு நம் காலத்திலேயே சான்று உண்டு. பறவையியல் மேதை ஸாலிம் அலீ, 1896இல் பம்பாயில் பிறந்து 1987இல் மறைந்தவர். சிறுவனாயிருந்தபோது காற்றுத் துப்பாக்கியால் அவர் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறம் இருந்தது. அது என்ன குருவி என்ற கேள்வியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் படியேறியதே அவர் வாழ்வின் திருப்பம். 1985இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றுக்கும் அவர் ஒரு குருவியின் வீழ்ச்சியையே பெயராக வைத்தார். பிற்காலத்தில் பரத்பூர் நீர்ப்பறவைகளின் புகலிடத்துக்காகவும் அமைதிப் பள்ளத்தாக்குக் காட்டுக்காகவும் குரல் கொடுத்தவர்களுள் அவர் முன்னின்றார். வீழ்ந்த குருவியின் மேல் எழுந்த கேள்வி, எண்ணற்ற பறவைகளுக்குப் பிணையாயிற்று.

தனி மனிதருக்கன்றி ஊருக்கும் இப்பண்பு வாய்க்கும். மதுராந்தகத்தை அடுத்த வேடந்தாங்கலில், பறவைகளைச் சுட வந்த வெள்ளைச் சிப்பாய்களுக்கு எதிராக 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றனர். எச்சத்தால் உரமேறிய ஏரிநீர் வயலுக்குப் பாய்கிறது என்ற உலகியல் நன்மையும் அதில் உண்டு. அதனால் அச்செயலின் மேன்மை குறைந்துவிடாது. சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில், வேட்டங்குடிப் பறவைகள் அஞ்சும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிக்காத ஊரார் இருக்கின்றனர். இன்று வேடந்தாங்கலில் ஒரு கூழைக்கடா நீரைத் தொட்டு இறங்கும் நொடியைப் படம் பிடிப்பவர், தம் காமிராவை ஆயத்தம் செய்ய எடுத்துக்கொண்டது சில நிமிடங்கள். அந்நொடி நிகழ்வதற்கே ஓர் ஊர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆயத்தம் செய்திருக்கிறது.

ஆதலின் ஆயத்தம் என்ற சொல்லை நாம் சற்று அகலமாகவே பொருள் கொள்ளவேண்டும். ஒளியையும் தூரத்தையும் கணிப்பது அதன் முதற்படி. உடலையும் மனத்தையும் அடக்கி அமர்வது அடுத்த படி. கணம் வாய்க்காவிடில் வெறுங்கையோடு எழுந்து வரும் துணிவு அதற்கும் மேற்பட்டது. அந்தக் கணம் நமக்குப் பின்வருவோருக்கும் நிகழும்படி ஏரியை ஏரியாக விட்டு வைப்பது எல்லாவற்றிலும் பெரியது. இந்த இறுதி ஆயத்தம் காமிரா இல்லாதவர்களுக்கும் கடமை. தொழிற்சாலைகள் வேண்டாம் என்று கூற எனக்கு உரிமையில்லை. என் மாணவரின் சோறு அங்கிருந்து வருகிறது. மதில் எழும்போது நீர்வரத்துக் கால்வாய் எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமை மட்டும் அனைவருக்கும் உண்டு.

இன்னும் ஒன்று கூறி முடிக்கிறேன். இன்று ஒவ்வொரு கையிலும் ஒரு காமிரா இருக்கிறது. தவாபின் நடுவிலும் கைபேசியை உயர்த்திப் பிடித்துக் கஅபாவுக்கு முதுகு காட்டித் தம்மையே படம் எடுத்துக்கொள்வோரைக் காண்கிறோம். எந்த இடத்தைக் காண ஆயுள் முழுவதும் ஆயத்தம் செய்தார்களோ, அந்த இடத்துக்கு வந்ததும் பார்வையைக் கருவியிடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணமே கஃப்லத்தின் வேர். படம் நினைவுக்குத் துணையாகலாம்; காட்சிக்குப் பதிலாக முடியாது.

நான்கு வாரம் கழித்து அம்மாணவர் அக்காலி நிலத்தின் ஓரமாகச் சென்றிருக்கிறார். குழியில் முட்டைகள் இல்லை. ஓட்டுத் துண்டு ஒன்று மட்டும் கிடந்ததாம். ஆள்காட்டிக் குஞ்சுகள் பொரிந்த சிறிது காலத்திலேயே தாயின் பின்னால் ஓடிவிடும் இயல்பின. ஆகவே அவை பிழைத்தனவா, நாய்க்கோ காகத்துக்கோ இரையாயினவா என்பதை அறிய வழியில்லை. "படம் இல்லையே என்று வருத்தமா, தம்பி?" என்று கேட்டேன். "அந்த ஈரச் சிறகை நான் பார்க்கவேயில்லை, ஹஜ்ரத். ஆனால் அது எப்படி இருக்கும் என்று தினமும் நினைக்கிறேன்" என்றார். பிறகு மறுநாள் இரவு ஷிப்டுக்குப் போகவேண்டும் என்று எழுந்து சென்றார்.

கணங்களைப் படைப்பவனும் அவற்றை மறையச் செய்பவனும் அல்லாஹ் ஒருவனே. அவற்றைக் காணும் கண்ணையும், காணவேண்டியபோது திறந்திருக்கும் உள்ளத்தையும், விட்டுவிட வேண்டியபோது விலகிச் செல்லும் பண்பையும் அவன் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.